சுத்தி பட்ட இடம்

துறைமுகத்தின் கடைசி முனையில் ஒரு பழைய எஃகுப் பாய்மரக் கப்பல் ‘விற்பனைக்கு’ என்ற பலகையோடு கட்டிக் கிடந்தது. அதற்குக் காவல் இருந்தவரை எல்லோரும் சுத்தியண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருக்கத்தான் செய்தது. சம்பளம் அனுப்புகிற முதலாளியம்மாவுக்கே அது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். வெயில் ஏறுவதற்கு முன்னால் டங் டங் என்று ஒரு சத்தம் கிளம்பித் துறை முழுக்கக் கேட்கும். பக்கத்துக் கிடங்கில் மூட்டை எண்ணுகிறவர் எண்ணிக்கை தப்பிப்போய், “ஆரம்பிச்சுட்டாருய்யா மனுஷன்” என்று தலையில் அடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து எண்ணுவார். அது துரு தட்டுகிற சுத்தியலின் சத்தம்.

கப்பலுக்கு மூன்று பாய்மரங்கள். ஒரு காலத்தில் சரக்கு ஏற்றிப் போனது, பிறகு கடல் பழகுகிற பள்ளிக்கூடமாக இருந்தது. பள்ளிக்கூடத்தை மூடியதும் ஒரு பணக்காரர் ஆசைப்பட்டு வாங்கிப் போட்டார். ஆசை தீருவதற்குள் ஆயுள் தீர்ந்துவிட்டது. அவருடைய மகள்தான் இப்போதைய முதலாளியம்மா. வெளியூரில் இருந்துகொண்டு விளம்பரம் கொடுத்தார்: ‘எஃகுப் பாய்மரக் கப்பல். முழுமையாகப் புதுப்பிக்க வேண்டும்.’ கூடவே ‘உடம்பு உறுதி’ என்று ஒரு வார்த்தை சேர்க்கச் சொல்லிப் போனில் சண்டை பிடித்துச் சேர்க்க வைத்தவர் சுத்தியண்ணன்.

முழுமையாகப் புதுப்பிக்க வேண்டும் என்பது மரியாதைக்குச் சொல்கிற பேச்சு. உண்மையைச் சொன்னால் பாய் ஒன்றுகூடக் கிடையாது. கயிறெல்லாம் இற்றுப்போய்விட்டது. எஞ்சின் இருந்தது, ஓடாது. மழை பெய்தால் மேல்தளத்தில் நிற்பதும் கீழே நிற்பதும் ஒன்றுதான். ஆனால் இரும்பைப் பற்றி மட்டும் யாரும் அவரிடம் வாய் திறக்கக் கூடாது. இரும்பு அவருடைய இலாகா.

முதன்முதலில் அந்தக் கப்பலில் அவர் ஏறியது கூலிக்குப் பெயின்ட் அடிக்க. ஒப்பந்தக்காரர் ஒருவரின் கூட்டத்தில் அவரும் ஓர் ஆள். மற்றவர்கள் துருவின் மேலேயே பூசிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். இவர் மட்டும் ஓர் ஓரமாக உட்கார்ந்து, தகடு வெள்ளி மாதிரி மின்னுகிற வரைக்கும் தட்டிக்கொண்டிருப்பார். இதைப் பார்த்த பழைய முதலாளி, “இந்த ஆளு இங்கயே இருக்கட்டும்” என்றார். இருந்துவிட்டார். வாலிபத்தில் ஏறியவருக்கு இப்போது மீசை நரைத்துவிட்டது.

அவருடைய வேலை முறை இதுதான். கப்பலின் மூக்கிலிருந்து ஆரம்பித்து உட்பக்கமாகவே தகடு தகடாகத் தட்டிக்கொண்டு வால் வரைக்கும் போவார். பளபளவென்று இரும்பு தெரிந்ததும் துடைத்துச் சிவப்புப் பூச்சு கொடுப்பார். உதிர்ந்ததைக் கூட்டி வாளியில் அள்ளிக் கரையில் கொண்டுபோய்க் கொட்டுவார். வால் வந்து சேர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். உடனே மறுபடியும் மூக்கு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கொள்வது என்று சொல்வார்களே, அதை நேரில் பார்க்க வேண்டுமென்றால் இந்த மனிதரைத்தான் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

வீட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. ஜன்னலோரம் மனைவியின் தையல் மிஷின். விடுதிகளுக்குத் தலையணை உறையும் பள்ளிக்கூடங்களுக்குச் சீருடையும் தைத்தே மகளைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தவள் அவள். குழாய் ஒழுகினால் அவளே வாஷர் வாங்கி மாற்றுவாள். ஸ்டூல் போட்டு ஏறிப் பல்பு மாட்டுவாள். அவளுக்குப் பித்தப்பையில் கல் எடுத்தபோது இவர் கைகளில் சிவப்புப் பூச்சோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, கப்பலில் மேல்தள மூடி திறந்து கிடக்கிறது என்று எழுந்து போய்விட்டார். அதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். “எனக்குச் சக்களத்தி தண்ணில நிக்குறா. நான் கரையில நிக்குறேன். சண்டை போடக்கூட கிட்ட வரமாட்டேங்குறா” என்பாள். அந்தச் சிரிப்புக்கு அடியில் என்ன இருந்தது என்று அவர் குனிந்து பார்த்ததில்லை.

விற்பனைக்கு என்று பலகை மாட்டினால் வாங்குகிறவர்களா வந்துவிடுவார்கள்? ஓட்டல் வைக்கப் போகிறேன் என்று ஒருவர் வந்தார். மேசை போட இந்தப் பாய்மரங்கள் இடைஞ்சலாக இருக்கின்றன, பிடுங்கிவிடலாமா என்று கேட்டார். சுத்தியண்ணன் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் இறங்கும் ஏணியைக் காட்டினார். ஒரு ஜோடி அரை நாள் முழுக்க விலை பேசியது, கடைசியில் பார்த்தால் போட்டோ எடுத்துக்கொள்ள வந்திருக்கிறார்கள். இவர்களுக்கு நடுவில் உடைப்புக்காரர் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தார். பழைய கப்பல்களை வாங்கி, வெட்டி, எடைக்குப் போடுவது அவர் தொழில். நல்ல மனிதர், அதுதான் சங்கடம். வரும்போதெல்லாம் பிஸ்கட் வாங்கி வருவார். “எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லண்ணே. யாரும் எடுக்கலைன்னா நான் எடுத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் கப்பலின் விலாவை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். அந்த நேரத்தில் மட்டும் சுத்தியண்ணனுக்கு உடம்பெல்லாம் கூசும்.

அப்போதுதான் அந்தத் தம்பதி வந்தார்கள். அவன் தச்சன், காதில் எப்போதும் ஒரு சாக்குக் கட்டி செருகியிருக்கும். அவள் நர்ஸ். இருந்த வீட்டை விற்றுவிட்டு, கப்பலைச் சரிசெய்து, மகளையும் கூட்டிக்கொண்டு அதிலேயே குடியேறி, ஊர் ஊராகச் சரக்கும் ஆளும் ஏற்றிப் போகப் போகிறோம் என்றார்கள். கேட்டவர்களெல்லாம் கழன்ற கேஸ் என்றார்கள். சுத்தியண்ணன் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

“அண்ணே, எங்களுக்குக் கப்பலப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. நாங்க எடுத்தா நீங்களும் கூட வந்திரணும்” என்றான் தச்சன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் அதைச் சொன்னார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தக் கப்பல் நகர்ந்து அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் ஏறிய நாளிலிருந்து அது கட்டிய இடத்தை விட்டு அசையவில்லை. ஒரே ஒரு தடவை அது நகரும்போது அதன் மேல் நிற்க வேண்டும் என்பதுதான் அவருடைய வாழ்நாள் ஆசை. மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள். “இத்தனை வருஷமா கட்டிக் கிடந்த கப்பலோடயே போயிட்டீங்க. இனி ஓடுற கப்பலோட போனா எனக்கென்ன புதுசா? போயிட்டு வாங்க” என்றாள். மறுநாளே பரண் மேலிருந்து பையை இறக்கித் தூசி தட்டி வைத்தாள்.

கப்பலைச் சரிசெய்கிற பட்டறை வேறொரு துறைமுகத்தில் இருந்தது. அங்கே கடல் வழியாக இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். அதற்கு முன்னால் தகடுகள் தாங்குமா என்று சர்வேயர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் சரி என்றால் விற்பனை. இல்லை என்றால் உடைப்புக்காரரின் பிஸ்கட்.

சர்வேயர் ஒரு நடுத்தர வயது அம்மாள். பேண்ட்டுக்கு மேல் மேலங்கி, தோளில் பை, கையில் தகட்டின் தடிமனைக் காட்டுகிற சின்ன மிஷின். பசை மாதிரி ஏதோ தடவி, மிஷினின் முனையைத் தகட்டில் வைத்தால் எண் தெரியும். சாயங்கால வண்டிக்கு அவர் கிளம்பியாக வேண்டும். சுத்தியண்ணன் விளக்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். கல்யாண வீட்டில் பெண்ணின் அப்பா நடக்கிற நடை.

முதலில் முன்பக்கத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மிஷினோடு கை விட்டுப் பார்த்தார் சர்வேயர். அங்கே கன்னங்கரேலென்று பழைய பூச்சு அப்பியிருந்தது.

“அங்க சுத்தியோட என் கை போகாது மேடம். அதான் விட்டுட்டேன், மன்னிச்சுக்கங்க” என்றார் சுத்தியண்ணன் கூச்சத்தோடு.

“அருமையா இருக்கு. கட்டுன அன்னிக்கு இருந்த தடிமன் அப்படியே இருக்கு” என்றார் சர்வேயர். தச்சனும் நர்ஸும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். தொட்டிக்குப் பின்னாலேயே இப்படியென்றால், தான் தட்டித் துடைத்த இடம் எப்படி இருக்கும் என்று சுத்தியண்ணனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. “இங்க வாங்க மேடம்” என்று நடு அறைக்குக் கூட்டிப்போய், தரைப் பலகை இரண்டைத் தூக்கி, சிவப்பாக மழமழவென்று இருந்த அடித்தகட்டைக் காட்டினார்.

சர்வேயர் மிஷினை வைத்தார். எடுத்தார். பையிலிருந்து அளவு தெரிந்த ஓர் இரும்புத் துண்டை எடுத்து மிஷினைச் சோதித்தார். மறுபடி வைத்தார். பக்கத்திலும் வைத்துப் பார்த்தார்.

“இங்க என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டார்.

சுத்தியண்ணன் ஒன்றுவிடாமல் சொன்னார். மூக்கிலிருந்து வால், வாலிலிருந்து மறுபடி மூக்கு, பளபளப்பு, சிவப்புப் பூச்சு.

“பழைய பெயின்ட் நல்லா ஒட்டிக்கிட்டு இருந்தாலும் தட்டிருவீங்களா?”

“ஒட்டிக்கிட்டு இருந்தாலும்தான். உள்ள என்ன இருக்குன்னு யாரு கண்டா?”

சர்வேயர் சிவப்புப் பூச்சை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அவர் பேசியதில் கோபமோ கிண்டலோ இல்லை. அதுதான் அதிகமாக வலித்தது. “அண்ணே, ஒட்டிக்கிட்டு இருக்குற பெயின்ட்டு இரும்புக்குச் சட்டை மாதிரி. அதைத் தொடாம விட்டிருக்கணும். நீங்க வருஷா வருஷம் சட்டையக் கிழிச்சு, தோலையும் கொஞ்சம் சீவிட்டுப் புதுச்சட்டை போட்டிருக்கீங்க. இந்த இடத்துல பாதிகூட மிச்சம் இல்ல. வாளில அள்ளிக் கொட்டினீங்களே, அதுல துரு கொஞ்சம்தான். மத்ததெல்லாம் கப்பல்.”

மிஷின் பொய் சொல்கிறது என்று சொல்லச் சுத்தியண்ணன் வாயெடுத்தார். அப்போது அவருடைய சுத்தியலின் சத்தம் நினைவுக்கு வந்தது. போன சில வருஷங்களாக நடு அறையில் தட்டும்போது சத்தம் மாறியிருந்தது, டங் போய் டப் ஆகியிருந்தது. வயதாகிறது, காது மந்தமாகிறது என்று தன்னைத்தான் சந்தேகப்பட்டார். கப்பலைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

“இந்த ஒரு இடம் மட்டும் இப்படியா, எல்லா இடமுமா, அதான் தெரியணும். ஒரு இடம்னா ஒட்டுப் போட்டு இழுத்துட்டுப் போயிரலாம். எல்லாத்தையும் திறந்து பாக்க எனக்கு இன்னிக்கு நேரம் இல்ல. இன்னும் சில இடம் காட்டுங்க” என்றார் சர்வேயர்.

விளக்கு சுத்தியண்ணன் கையில் இருந்தது. இவ்வளவு பெரிய இருட்டுக் கப்பலில் எங்கே போவது என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கால்கள் தாமாக நடந்தன. நங்கூரச் சங்கிலி கிடக்கிற பொந்துக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே அவர் சுத்தியல் நுழையாது. தடிமன் முழுசாக இருந்தது. சமையலறையில் அசைக்க முடியாத இரும்பு அடுப்புக்குப் பின்னால் விளக்கைக் காட்டினார். அங்கேயும் முழுசாக இருந்தது. அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை, வெளிச்சத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அப்போ அந்த ஒரு இடம்தான் போல” என்று சர்வேயர் மிஷினைத் துடைக்க ஆரம்பித்தார். விற்பனை முடிந்த மாதிரிதான். பை தயாராக இருக்கிறது. கப்பல் நகரும், அவர் அதன் மேல் நிற்பார். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அவருக்கு அந்த டப் சத்தம்தான் காதில் கேட்டது.

திரும்ப நடு அறை வழியாகத்தான் வர வேண்டும். அங்கே தச்சன் முட்டி போட்டுக்கொண்டு, கட்டில்கள் எங்கே வரும் என்று சாக்குக் கட்டியால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். “இங்க பாப்பா, இங்க நாங்க. அண்ணே, ஜன்னல் பக்கம் உங்களுக்கு” என்றான். நீளம் போதுமா என்று பார்க்க நர்ஸ் அந்தக் கோட்டுக்குள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கன்னம் பலகையில் பதிந்திருந்தது. “இங்க படுத்தா அடியில தண்ணி போற சத்தம் நல்லாக் கேக்குது. பாப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும்” என்றாள்.

சுத்தியண்ணன் விளக்கைக் கீழே வைத்தார்.

“தம்பி, அந்தச் சாக்கக் குடு” என்றார். வாங்கிக்கொண்டு சர்வேயரிடம் திரும்பினார். “மேடம், நான் உங்களச் சுத்தல்ல விட்டுட்டேன். என் கை போகாத இடமாப் பாத்துக் காட்டினேன். இப்போ கை போன இடத்தக் காட்டுறேன்.”

நர்ஸ் எழுந்துகொண்டதும் பலகைகளைத் தூக்கினார். பக்கத் தடுப்புகளைக் கழற்றினார். எந்தத் தகட்டை எத்தனை தரம் தட்டினோம், எங்கே அதிகம் மினுக்கினோம், எங்கே முதுகு வலித்துச் சீக்கிரம் விட்டோம் என்று அவர் கைக்குத் தெரியும். தட்டிய இடத்தையெல்லாம் சாக்குக் கட்டியால் வளைத்துக்கொண்டே போனார். சர்வேயர் சாயங்கால வண்டியை விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்து மிஷினை வைத்தார். கோட்டுக்கு உள்ளே மெலிசு, வெளியே கெட்டி. ஒரு தடவைகூட மாறவில்லை. வால் பக்கம் வந்தபோது சாக்குக் கட்டி நகத்தளவு தேய்ந்திருந்தது. திரும்பிப் பார்த்தால் கப்பலின் உள்வயிறு முழுக்க வெள்ளைக் கோடு. தன் ஆயுசையே யாரோ தரையில் வரைந்து காட்டிய மாதிரி இருந்தது அவருக்கு. தச்சன் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றான். நர்ஸ் உடையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு மேலே போனாள்.

அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. சுத்தியண்ணன் கப்பலுக்குப் போனார், வந்தார். சுத்தியலைத் தொடவில்லை. துறையில் சத்தம் இல்லாததால், கிடங்கில் மூட்டை எண்ணுகிறவர் உடம்புக்கு முடியவில்லையோ என்று ஏறி வந்து விசாரித்துவிட்டுப் போனார். மூக்கில் வேர்த்தது போல உடைப்புக்காரரும் வந்து பிஸ்கட்டை நீட்டினார். இந்தத் தடவை விலாவைத் தட்டிப் பார்க்கவில்லை. பாவம், அவருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

தச்சனும் நர்ஸும் நேரிலேயே வந்தார்கள். சைக்கிள் கடை மாடிக்கு ஏறி வந்து, துணிக்குவியலை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார்கள்.

“எடுத்துக்கறோம்ணே. இத்தனை இடம் மெலிசுன்னு தெரிஞ்ச பிறகு, எங்க கெட்டி, எங்க மெலிசுன்னு பிரிச்சுத் தெரியாம இருந்திருந்தா சர்வேயரம்மா கையெழுத்தே போட்டிருக்க மாட்டாங்களாம். நீங்க போட்ட கோடு இருக்குறதால, எதை மாத்தணும், எதை விடலாம்னு துல்லியமாத் தெரியுது. இங்கயே தற்காலிகமா ஒட்டுப் போட்டு இழுத்துட்டுப் போயிரலாம்னு சொல்லிட்டாங்க” என்றான் தச்சன்.

கப்பல் பிழைத்துவிட்டது. மனைவி டீயை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

தச்சன் டீயையே பார்த்துக்கொண்டிருந்தான். நர்ஸ்தான் பேசினாள். “அண்ணே, மனசுல வச்சுக்காதீங்க. உங்களக் கூட்டிட்டுப் போறதப் பத்தி நாங்க நிறைய யோசிச்சோம். வேண்டாம்ணே. உங்களால சும்மா இருக்க முடியாது.”

“சுத்திய இங்கயே போட்டுட்டு வர்றேம்மா.”

“அங்க போய் வேற ஒண்ணு வாங்கிருவீங்க.”

வாங்கிவிடுவோம் என்று அவருக்கே தெரிந்திருந்தது, மறுக்க முடியவில்லை. அவளும் சிரித்தாள், இவரும் சிரித்தார், அவர்கள் படி இறங்கிப் போகிறவரைக்கும் சிரித்த முகத்தோடே நின்றார்.

இழுவைப் படகு வந்த அன்றைக்குக் கரையில் கயிற்றை அவிழ்த்துவிடுகிற வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். கயிறு விழுந்ததும் கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு முழம் தண்ணீர் தெரிந்தது. அது ஆளகலம் ஆனது, பிறகு தெரு அகலம் ஆனது. இவ்வளவு பெரிய உருவம் இப்படிச் சத்தமில்லாமல் நகரும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நர்ஸும் தச்சனும் மேல்தளத்திலிருந்து கையை ஆட்டினார்கள். அவரும் ஆட்டினார். கப்பல் போன பிறகு அந்த இடத்தில் வெறும் தண்ணீர் கிடந்ததைப் பார்த்ததும் அவருக்குத் தாங்க முடியவில்லை. நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அழுதார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி மிஷினில் இருந்தாள். அவர் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். பட்டப்பகலில் அவர் வீட்டில் உட்கார்வது அபூர்வம். அவள் மிதிப்பதை நிறுத்தினாள்.

“போயிருச்சா?”

“போயிருச்சு.” கையில் ஒட்டியிருந்த கயிற்று நாரைத் தட்டிவிட்டு, “நான் நல்லாத்தானடி பாத்துக்கிட்டேன்” என்றார். “என்னைப் போல யாரு பாத்துக்கிட்டா? அதுவே அதுக்கு வினையாப் போச்சே.”

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நல்லவேளை. என்னைய நீங்க அப்படிக் கவனிக்கவே இல்ல. அதனாலதான் நான் இன்னும் முழுசா இருக்கேன்.”

அவருக்கு முதலில் அது கிண்டல் என்றுதான் பட்டது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். அதில் கிண்டல் பாதிதான் இருந்தது. இத்தனை வருஷமும் இந்த ஜன்னலோரத்தில் இவள் ஒருத்தி இருந்திருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. எப்படி மன்னிப்புக் கேட்பதென்று தெரியவில்லை.

“இனிமே பாத்துக்கறேன்” என்றார்.

அவள் துணியை ஊசிக்கு அடியில் நகர்த்தினாள்.

“பாத்துக்கங்க. சுரண்டாமப் பாத்துக்கங்க.”